கரண்ட் போனதும் நான் அழுத்திய பட்டன்

அந்தக் கிற்றார் அம்ப் சூடானால் ஒரு மணம் வரும்... தூசி கருகுகிற மணம். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிறு பின்னேரங்களில் அந்த மணம் வந்தால் மனோ அண்ணா கிற்றாரை மாட்டிவிட்டார் என்று அர்த்தம். எனக்கு இருப்புக்கொள்ளாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஒஃபிஸில் டைப்பிஸ்ட் வேலை.

கல்யாண வீடு, சேர்ச் ஃபீஸ்ட் என்று வாசிக்கிற பாண்ட்தான் மனோ அண்ணா ஆட்களுடையது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் ஆசைக்கு வாசிப்பார்கள். தெரிந்த ஒரு மெட்டைத் தொடங்குவார்கள்... பிறகு அதை விட்டுவிட்டு எங்கேயோ போவார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அடுத்தது என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

மெட்டை விட்டுப் போவதற்கு அவர்கள் வைத்த பேர் ‘வெளியே போறது’. திரும்பி அதே மெட்டில் வந்து சேர்ந்தால் ‘வீட்டுக்கு வாறது’.

சும்மா சொல்லக்கூடாது, விரலை வேகமாக ஓட்டிக் கைதட்டு வாங்க ஆயிரம் பேருக்குத் தெரியும். மனோ அண்ணா அந்த ரகம் இல்லை. ஒரேயொரு சுரத்தைத் தடவிக்கொண்டே நிற்பார். ட்ரம்ஸ் வாசிக்கிற நிமல் அய்யே, சிங்களத்தில் அண்ணாவுக்கு அய்யேதான், பொறுமை கெட்டு ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு மனோ அண்ணா கிளம்புவார் பாருங்கள்... எனக்கு மயிர்க்கூச்செறியும். போன வழியால் ஒருநாளும் திரும்பி வரமாட்டார். நாங்கள் நினைத்தே பார்க்காத ஒரு சந்தால் வந்து டக்கென்று மெட்டில் காலை வைப்பார்.

நான் முன்வரிசை. மடியில், மாமா சவூதியில் இருந்து அனுப்பிய ரேப் ரெக்கோடர். நாலு பெரிய பற்றரி.

திங்கள் மத்தியானம், மனோ அண்ணா வேலை செய்த ஹார்ட்வெயார் கடைக்குக் கசெற்றோடு போவேன். சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்பார்.

“நேற்று என்ன வாசிச்சனான் எண்டு எனக்கு ஞாபகமே இல்லை தங்கச்சி. நீர் சொல்லும்.”

“மூண்டாவதில வழி தவறிட்டீங்கள் அண்ணா. நிமல் அய்யேதான் காப்பாத்தினவர்.”

விழுந்து விழுந்து சிரிப்பார். “மற்றவை எல்லாம் சுப்பர், சுப்பர் எண்டுதான் சொல்லுவினம். நீர் ஒராள்தான் எனக்குப் பொய் சொல்லாத ஆள்.”

அந்த ஒரு பேச்சுக்காகவே அடுத்த ஞாயிறுவரை நாள் எண்ணுவேன்.

கரண்ட் கட் காலம் அது. ஒரு ஞாயிறு மண்டபம் நிறையச் சனம், இருநூறு பேர் இருக்கும். மனோ அண்ணா வெளியே கிளம்பி நல்ல தூரம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அம்ப் செத்தது. சனம் “ஓ...” என்றது.

நான் ஸ்டொப் பட்டனை அழுத்தினேன்.

பற்றரி வீணாகப் போகக்கூடாதாம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏனென்றால் அவர் நிறுத்தவில்லை.

அம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிற்றாருக்கு என்ன சத்தம் இருக்கும்? காதோரம் நுளம்பு பாடுகிற அளவு. நிமல் அய்யே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினார். முதலில் முன்வரிசை அடங்கியது, பிறகு பின்வரிசை. நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை விட்டார்கள். வியர்த்து வழிந்துகொண்டு இருநூறு பேர், செருமக்கூடப் பயந்துபோய்...

மனோ அண்ணா அந்த மெட்டில் ஒரு துண்டை எடுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒரு சுரத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் இரண்டுதான் மிச்சம். இந்த இரண்டை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி வீட்டுக்கு வரப்போகிறார் என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டனைத் திரும்ப அழுத்த ஞாபகமே வரவில்லை. மடியில்தான் கிடந்தது சனியன்.

திடீரென்று கரண்ட் வந்தது. அம்ப் ‘கீ’ என்று கத்தியது. சனம் விசிலடித்துக் கைதட்டியது. அத்தோடு எல்லாம் அறுந்தது. மனோ அண்ணா வீட்டுக்கு வரவேயில்லை.

அரைகுறைக் கசெற்றோடு போக வெட்கப்பட்டு அந்தத் திங்கட்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை போனபோது அவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஏஜென்ட் அவசரமாகக் கூப்பிட்டானாம்.

அங்கே இருபத்தைந்து வருஷம் ஃபாக்டரி. இரண்டு ஷிஃப்ட். கிற்றார் கட்டிலுக்குக் கீழே. இதெல்லாம் போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. அவர் மனைவி சாந்தி அக்கா கோல் எடுத்தார். பக்கவாதமாம், இடக்கை விளங்கவில்லையாம், இங்கேயே வந்துவிட்டார்களாம். “அந்தக் கரண்ட் போன நாள் கசெற் உம்மட்ட இருக்கோ எண்டு ஒரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் ஒரு ஃப்ளாட். கசெற்றை ஃபோனில் ஏற்றிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் பாதி வாயால் சிரித்தார்... ஐயோ, அந்தச் சிரிப்பு.

போட்டேன். கசெற்றில் அவர் வெளியே கிளம்பினார். போனார், போனார். நிமல் அய்யேயின் தட்டு வந்தபோது சுகமான கை விரல்கள் மெத்தையில் தாளம் போட்டன. பிறகு சனத்தின் “ஓ...”. பிறகு ‘க்ளிக்’.

“அவ்வளவுதானோ?”

“ஓம் அண்ணா. நான் நிப்பாட்டிட்டன்.”

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கீழே தண்டவாளத்தில் கோச்சி போய் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“பிறகு... நான் வீட்டுக்கு வந்தனானோ தங்கச்சி?”

சாந்தி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வந்தனீங்கள் அண்ணா. நல்ல வடிவா வந்தனீங்கள்.”

“நீர் சொன்னாச் சரி” என்றார். “நீர் பொய் சொல்லமாட்டீர்.”

லிஃப்ட்டுக்காக நிற்க முடியாமல் படியால் இறங்கி வந்தேன்.

இப்போது என் ஃபோனில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது, ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. கைப்பையில் எந்நேரமும் ஒரு பவர் பாங்க். மனோ அண்ணாவைப் பார்க்கப் போன அன்றைக்கும் அது முழு சார்ஜோடுதான் இருந்தது.