அந்தக் கை செய்யாத தப்பு

பல்லிக்காரி என்ற பேர் என் காதில் முதன்முதலில் விழுந்தது ஒரு மாடிப்படியில். என் ஓரகத்தி வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. படியோரம் இருந்த டப்பாவை நகர்த்திவிட்டு உட்காரலாம் என்று குனிந்தேன். கதவிடுக்கில் தலையை நீட்டிய தையல்காரர், “அதைத் தொடாதீங்கம்மா, பல்லிக்காரியோட புழு” என்றார். டப்பாவுக்குள் மண்புழுக்கள் நெளிந்தன. யாரப்பா அந்தப் பல்லிக்காரி என்று கேட்டால், உங்க வீட்டுப் பொண்ணுதான் என்கிறார்.

முறை சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் ஒருவர், சிரித்த முகம், இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பெண்சாதிதான் எனக்கு ஓரகத்தி. அவர்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கை போன பிறகு அதைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ‘பாவம், அந்தப் பொண்ணு’ என்பதே கொஞ்ச காலம் பேராக ஓடியது. அதற்குப் பல்லிக்காரி எவ்வளவோ மேல் என்பாள் அவள்.

கை போனது பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுப்பது அவள் வேலை. ஒரு விரிப்பின் ஓரம் மடிந்தது. நீவிவிடப் போன இடது கை விரிப்போடு உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் விட்டு எடுத்தார்கள். தோலை இழுத்து மூடிச் சுருக்கமில்லாமல் தைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று தையல்காரர் பார்த்துவிட்டு, “நான்கூட இவ்வளவு நறுவிசா மடிச்சுத் தைக்க மாட்டேன்” என்றாராம். அவள் சிரித்தாள். அவள் அம்மா அழுதாள். அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்ல அது ஒன்று போதும்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளை வீட்டோடு இருக்கச் சொன்னார்கள். தாய்மாமன் ஒருவர், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர், ஒத்தக் கையை வைத்துக்கொண்டு வெளியே போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்டார். “கிழிக்கிறதுதான் மாமா ஒத்தக் கையால வராது. மத்ததெல்லாம் வரும்” என்றாள். அடுத்த வாரமே வேலை தேடிக்கொண்டாள்.

பேருந்து போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டடம். அதன் மேல்மாடியில், குளிரூட்டி ஓயாமல் முனகும் அறையில், அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்கு ஒன்றாகச் சாலமாண்டர் என்ற பிராணி. விரல்களோடு நான்கு கால், நீள வால், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். வாயின் வாட்டம் எப்போதும் சிரிக்கிற மாதிரி. கட்டடத்துக் காவல்காரர் வைத்த பேர்தான் பல்லி. அவள் திருத்தித் திருத்திப் பார்த்தாள். “பல்லிக்கும் இதுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. இது தவளைக்கு ஒன்னுவிட்ட தம்பி” என்று சொல்லியும் எடுபடவில்லை. அந்தப் பேர் அவளோடு பேருந்து ஏறி வீடு வரைக்கும் வந்துவிட்டது.

தண்ணீர் மாற்றுவதும் தீனி போடுவதும் அவள் பொறுப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட முடியாது. அதில் கலக்கும் மருந்து செவுளைப் பொசுக்கிவிடும். பீப்பாயில் பிடித்து ஆறவிட்டு, முறிமருந்து போட்டு, மோந்து பார்த்த பிறகுதான் ஊற்றுவாள். வலைக்கம்பை, மிச்சமிருந்த இடது கைமுட்டில் கட்டிய வாரில் செருகிக்கொள்வாள். மூடியை இடுப்பால் தள்ளுவாள். புட்டியை அக்குளில் இடுக்கித் திருகுவாள். தூண்டில் கடையில் வாங்கும் புழுதான் அவற்றுக்கு விருந்து. புழு டப்பா படியில் கிடந்த காரணம் அதுதான்.

அந்த அறைக்குத் தலைவி ஒரு டாக்டரம்மா. நாடி பிடிக்காத, மருந்து எழுதாத டாக்டர். கால் போனால் இந்தப் பிராணிக்கு மறுபடி முளைக்கிறதே, அது எப்படி என்று பார்ப்பதே அவர் வேலை. சேர்ந்த புதிதில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், அதற்கு முளைக்கிறதே, எனக்கு ஏன் முளைக்கவில்லை என்று. மற்றவர்களாக இருந்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெட்டுப்பட்ட இடத்தை முதலில் மெல்லிய தோல் வந்து மூடும். அதற்கு அடியில் உள்ள சதையும் எலும்பைச் சுற்றிய திசுவும், தாங்கள் வளர்ந்து ஆளானதை மறந்துவிட்டு, பச்சைப்பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பின மாதிரி ஒன்று கூடும். மொட்டு மாதிரி திரளும். நரம்பு வந்து அதைத் தொட்டால்தான் மொட்டு வளரும். போனது எதுவோ அதை மட்டும் செய்யும். மணிக்கட்டில் போனால் பாதம், தோளில் போனால் முழுக்கால். தழும்புகூட இருக்காது. “நம்ம உடம்புக்கு அவசரம். ரத்தம் நிக்கணும், சீழ் பிடிக்கக் கூடாது. இடிஞ்ச சுவத்துல சிமென்ட்டை அப்புற மாதிரி தழும்பை வெச்சு அடைச்சுடும்” என்றாராம். சின்னப் பிள்ளைகளுக்கு நகத்தோரம் விரல் நுனி போனால் சிலசமயம் வளர்வதுண்டு, அதற்கு மேல் நமக்குக் கொடுப்பினை இல்லை. இதன் சூட்சுமம் பிடிபட்டால் முதலில் தீக்காயத்துக்கு, தழும்புக்கு, ஒருவேளை பழுதான இதயத்துக்கு உதவும். கை என்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

“என் காலத்துல வருமா?”

“வராதுன்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப சரி” என்றாள் அவள். கை போன நாளிலிருந்து ஆறுதல் சொல்லாமல் பேசிய முதல் ஆள் அவர்தான். அன்றிலிருந்து அந்த அறை அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி ஆனது.

வினை அவள் வாயிலிருந்தே கிளம்பியது. அப்போது டாக்டரம்மா ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். சில பிராணிகளுக்கு, கால் எடுத்த இடத்தைத் தடித்த தோலால் இழுத்து மூடித் தைத்துவிடுவது; சிலவற்றுக்குத் திறந்தபடி விடுவது; இன்னும் சிலவற்றைத் தொடாமல், ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது. தைத்தவற்றுக்கு மொட்டே வரவில்லை. இதை அவள் சாப்பிடும்போது வேலைக்கதையாகச் சொன்னாள். அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

தைத்ததால்தான் வளரவில்லை. அந்த ஒன்று மட்டும் அம்மா காதில் ஏறியது. என் கையைத் தைக்காமல் விட்டிருந்தால் அழுகித்தான் போயிருக்கும், நமக்கு அந்த மொட்டு வராதம்மா என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. பெத்த மனசு கல்லைக்கூடக் கரைக்கும், பேச்சை மட்டும் உள்ளே விடாது.

சந்தைக்குப் பின்னால் எண்ணெய்க்காரர் ஒருவர் இருந்தார். மூட்டுவலிக்கு எண்ணெய் விற்பார். அவரே ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அம்மா அவரிடம் போய் விஷயத்தைக் கொட்டினாள். முளைக்கிற பிராணியின் கால் ஒன்று கொண்டுவா, காய்ச்சித் தருகிறேன், தையல் தானே இளகும் என்றார் அவர். பிராணியையே எடுத்தால் திருட்டு, பாவம். கால் என்றால் அப்படியில்லை, அதுதான் திரும்ப வளர்ந்துவிடுமே, முடி வெட்டுகிற மாதிரிதானே என்று அம்மா தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் மகளிடம் கேட்கத் தொடங்கினாள். நீ என்ன வேலை செய்கிறாய் என்று நான் பார்க்க வேண்டாமா, ஒருநாள் கூட்டிக்கொண்டு போயேன். அம்மா அழாமல் அவள் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியாளை அந்த அறைக்குள் விடக் கூடாது என்பது சட்டம். தெரிந்தேதான் விட்டாள். தொட்டி தொட்டியாகக் காட்டினாள். பக்கத்து அறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அந்த இடைவெளியில் அம்மா ஒரு தொட்டியில் விரலை விட்டிருக்கிறாள். தீனி என்று நினைத்து அது சிரித்த வாயோடு அவள் விரலைத் தேடி வந்திருக்கிறது. பையில் நூல் வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது.

மறுநாள் காலையில் அவள் அந்தத் தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். தொடாமல் வைத்திருந்த பிராணிகளில் ஒன்றுக்கு முன்னங்கால் இல்லை. குட்டிகளாக ஒரே தொட்டியில் நெருக்கிப் போட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். ஆனால் இது தனியாக இருந்தது. கடி என்றால் பிய்ந்திருக்கும். இது நேராக நறுக்கியிருந்தது. நாள் முழுக்க யோசித்தும் விடை கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுப்படி ஏறும்போதே எண்ணெய் வாடை வந்தது.

அம்மா வெதுவெதுப்பான கிண்ணத்தோடு வந்து, கையைக் காட்டு என்றாள்.

“எதைப் போட்டுக் காய்ச்சினது?”

அம்மா கிண்ணத்தையே பார்த்தாள். “அதுக்கு வளர்ந்துடும்டி. நீதானே சொன்ன. உனக்குத்தான் வளரலை.”

அவள் கத்தவில்லை. கிண்ணத்தை வாங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். கைமுட்டைத் தூக்கி அம்மா முகத்துக்கு நேராகக் காட்டினாள். “நல்லாப் பார்த்துக்கோ. இது இப்படியேதான் இருக்கும். இதை வெச்சுத்தான் நான் சாப்பிடறேன், சம்பாதிக்கிறேன், உன்னோட சண்டை போடறேன். நான் பழகிட்டேன். நீயும் பழகு.”

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா வெளியூரில் இருந்தார். அவள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மேனேஜர் நல்ல மனுஷன்தான். சாவிக்கொத்து குலுங்க நடப்பார், வம்பு என்றால் காத தூரம் ஓடுவார். கதவைச் சாத்தினார். வெளியாள் உள்ளே வந்தது தெரிந்தால் உன் வேலை நிச்சயம் போகும், என் தலையும் உருளும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். தொட்டி மூடி கை நழுவி விழுந்தது, கால் நசுங்கியது என்று சொல்லிவிடு. ஒத்தக் கை, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

எவ்வளவு சுலபம். ஒரு வார்த்தை. அந்தக் குளிர்ந்த அறை, தொட்டிகள், தலைநிமிர்ந்து ஏறி இறங்கும் பேருந்து, எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் நாளைக்கு அங்கே எது உடைந்தாலும் எல்லாரும் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பாவம் என்பார்கள். அந்தப் பழைய பேர் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

“அந்தக் கை போயே ரொம்ப நாளாச்சு சார். செத்தவங்க மேல பழி போடற மாதிரி இருக்கு” என்றாள். “இருக்கிற கையும் இதுவரைக்கும் ஒரு மூடியைத் தவறவிட்டதில்ல. சட்டத்தை மீறி ஆளை உள்ளே விட்டது நான். அதுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க, போறேன். கையாலன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

உனக்கு நல்லது சொன்னால் பிடிக்கவில்லையா என்று மேனேஜர் முகம் சிவந்தார். டாக்டரம்மா வரும் வரைக்கும் கீழே போய்க் கண்ணாடி கழுவு என்றார். கீழ்த்தளத்தில் குழாயும் குடுவையும் மலையாகக் குவிந்து கிடக்கும். இரண்டு கைக்காரர்களே அங்கே நிலைப்பதில்லை. இவளாகவே வேலையை விட்டுப் போய்விடுவாள் என்பது அவர் கணக்கு.

டாக்டரம்மா வந்தார், கேட்டார், உண்மையாகவே கோபப்பட்டார். தொடாமல் வைத்திருந்த பிராணி அது. அதன் கால் போனதில் அவருடைய பல மாத உழைப்பில் ஓட்டை விழுந்திருந்தது. உன் அம்மா அறியாமல் செய்தாள், நீ அறிந்து செய்தாய் என்றார். அவள் ஆமாம் என்றாள். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மேல்மாடி உனக்கு இனி இல்லை, கீழேயே இரு என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள். சோதனைக்கு உதவாத பிராணியை வைத்துக் காப்பாற்றுவது அங்கே வழக்கமில்லை. “அதைக் கொல்ல வேண்டாம். என்னைத் தண்டிச்சாச்சில்ல.” உன் பொறுப்பில் வைத்துக்கொள் என்றார் டாக்டரம்மா.

இப்படியாக அந்தப் பிராணியும் அவளும் ஒன்றாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். முதல் சில நாள் குடுவைகள் கையில் நிற்காமல் வழுக்கின. தூரிகையைப் பிடித்துக் குடுவைக்குள் குடைவதற்குப் பதிலாக, தூரிகையைக் கழுவுதொட்டி ஓரத்தில் நட்டுக்குத்தலாக இறுக்கிவிட்டு, குடுவையை அதன்மேல் கவிழ்த்துத் திருப்பினாள். வேலை ஓடியது. மேனேஜர் ஒருநாள் வந்து நின்று பார்த்தார், சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே போனார்.

மூலைத் தொட்டியில் கால் வந்துகொண்டிருந்தது. முதலில் பனித்துளி மாதிரி ஒரு புடைப்பு. அது கூம்பாகி, துடுப்பாகி, துடுப்பின் ஓரம் பிளவுபட்டு விரலானது. கால் முழுசானதும் அம்மாவைச் சன்னலுக்கு வெளியே வரச் சொன்னாள். உள்ளே விடவில்லை, சட்டம் சட்டம்தான். தொட்டியைச் சன்னலோரம் தள்ளிக் காட்டினாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “அஞ்சு விரல் இல்லையே?”

“முன்னங்காலுக்கு நாலுதாம்மா. என்ன இருந்துச்சோ அதுதான் வரும்.”

அது கண்ணாடியோரம் நீந்தி வந்து வாயைத் திறந்தது. அம்மா ஓரடி பின்வாங்கி, என்னையே பார்க்கிறதே என்றாள்.

“உன்னைத் தெரியுமில்ல அதுக்கு” என்றாள் மகள். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேருந்து நெரிசலில், எப்போதும் வலது பக்கம் வந்து நிற்கும் அம்மா, அன்று இடது பக்கம் நின்று அந்தக் கைமுட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச காலம் கழித்து மேல்மாடியில் இடம் காலியானது. கூப்பிடுவார்கள் என்று அவள் காத்திருக்கவில்லை. படியேறிப் போய்க் கேட்டாள். திரும்ப ஆளை உள்ளே விடுவாயா என்று டாக்டரம்மா கேட்டார். மாட்டேன் என்றாள். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள் மேல்மாடித் தொட்டி அறையில் வேலை செய்கிறாள். அந்தப் பிராணி இன்னும் கீழ்த்தளத்து மூலையில்தான் இருக்கிறது. தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் இறங்கிப் போய் அதற்குப் புழு போட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறாள்.