கிரேன் ஓட்டுநரின் இடது கண்

என் அப்பா கோவிந்தராஜன் பிழைக்க வடக்கே வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். கூரையை ஒட்டித் தொங்கும் இரும்புக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் கிட்டு மாமாவின் கைச்சைகையைப் பார்த்துப் பாரத்தை இறக்க வேண்டும்.

1997 மழைக்காலத்தில் அவருடைய இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டோம். ஆனால் பீளை கட்டவில்லை. வெளிச்சம் பட்டால் வலித்தது, பார்வை புகைமூட்டமாக இருந்தது. பத்து நாள் கழித்துத்தான் கண் டாக்டரம்மாவிடம் போனோம். இது தொற்று இல்லை, கண்ணுக்குள்ளேயே அழற்சி என்றார். இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்று அழற்சியைத் தணிக்க. இன்னொன்று கண்மணிப் பாவையை விரிக்க.

ஒரு வாரம் லீவு போட்டார். அதற்கு மேல் போட்டால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயம். வேலைக்குப் போன மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"ரெண்டாவது புட்டியப் போட்டா கூண்டுல ஒக்கார முடியலடா. வெல்டிங் வெளிச்சம் குத்துது. கிட்டு கையே தெரியல. அது அவசியமா?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது இயற்பியல். டாக்டரம்மா சோதிப்பதற்கு முன்னால் அதே மாதிரி மருந்தை விட்டதைப் பார்த்திருந்தேன்.

"அது செக் பண்றதுக்கு விரிக்கிறதுப்பா. வீட்ல தேவையில்ல."

தெரியாது என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

சிவப்பு மறைந்தது. அது திரும்பி வந்தபோதெல்லாம் முதல் புட்டியை மட்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கிவந்தேன். எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் கிட்டு மாமா வீட்டுக்கே வந்தார்.

"யோவ் கோவிந்து, மேலருந்து எம்மேல இவ்ளோ பாசம் வேணாம்யா. நீ எறக்குற இரும்பு பிளேட்டு என் மண்டைக்கு ஒரு முழத்துல வந்து நிக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் தானாகவே டாக்டரிடம் கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

பாவை வட்டமாக இல்லை என்றார் டாக்டரம்மா. விரிக்கும் மருந்து விடாததால் பாவையைச் சுற்றியுள்ள உள்திரை பின்னாலிருக்கும் லென்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் மருந்தைக் கண்காணிப்பு இல்லாமல் விட்டதில் கண் அழுத்தமும் ஏறியிருந்தது. நிறுத்தினால் அழற்சி, தொடர்ந்தால் அழுத்தம்.

"அப்போ ரெண்டு பக்கமும் பூட்டா?" என்று அப்பா ஹிந்தியில் கேட்டார்.

"விரிக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னது யார்?" என்றார் டாக்டரம்மா.

"யாருமில்ல. நான்தான் மறந்துட்டேன்."

கிரேன் ஓட்டக் கூடாது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "கொடுங்க," என்றேன்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏம்ப்பா எம்பேரச் சொல்லல?"

"சொன்னா கண்ணு வட்டமாயிடுமா?"

இப்போது அவர் அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிறார். கண் இன்னும் இரண்டு முறை சிவந்தது. இரண்டு முறையும் தனியாகவே போய்வந்தார். எந்தப் புட்டி எதற்கு என்று கம்பவுண்டரிடம் கேட்டு, மூடியில் மார்க்கர் பேனாவால் தானே குறி போட்டுக்கொள்கிறார். சீட்டை என்னிடம் நீட்டுவதில்லை.