ஏறுகிற வண்டிக்கு வழி

இன்று மதியம், போடிமெட்டுச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு.

மலையில் ஏறுகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

என் பழைய சின்னக் கார் ஏறிக்கொண்டிருந்தது. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களோடு எதிரே ஒரு ஜீப்பு இறங்கி வந்து நின்றது. ஒதுங்கவில்லை.

"தம்பி, பின்னால எடுங்க," என்றார் ஜீப்பு டிரைவர்.

"ஏறுற வண்டிக்குத்தானண்ணே வழி?"

"அது வண்டிக்கு. இதுக்கு எதுக்கு?"

ஜீப்பு முழுவதும் சிரித்தது.

எனக்குக் காது சுட்டது. உருவத்தைப் பார்த்துத்தான் வழிவிடுவீர்களா, நாளை மனிதர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். பேசியதெல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை: வாங்கிய நாளிலிருந்தே என் காரில் ரிவர்ஸ் கியர் விழாது.

ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு அக்கா சலித்துக்கொண்டார். "வீட்ல சோலி கெடக்கு. வெரசா எறங்குங்கடி."

எட்டுப் பெண்கள் இறங்கினார்கள். முதலில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தினார்கள், பிறகு பின்பக்கத்தை. பாறை ஓரமாகக் கார் உட்கார்ந்தது. நான் உள்ளேதான் இருந்தேன்.

கையைத் தட்டிக்கொண்டே அந்த அக்கா குனிந்து கேட்டார்: "ரிவர்ஸ் விழாதா தம்பி? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். ஆனாலும் வழி என்னுடையதுதான். மறுப்பவர்கள் எழுதுங்கள், காரைத் தூக்காமல் வாதாடுங்கள்.