எந்த வீட்டிலிருந்து வேலை?

எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் திருப்பூர், என் அண்ணன் பெங்களூர். பொங்கலுக்கு வருவார்கள். கல்வராயன் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுப்பார்கள். "நீதான் குடுத்து வச்சவ" என்று என்னிடம் பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவார்கள். அவ்வளவு ஆசையாக இருந்தால் ரெண்டு நாள் தங்கிக் களை வெட்டலாமே என்றால் லீவு இல்லையாம்.

அப்பா தவறிய பிறகு வடக்கனந்தலில் வீட்டை ஒட்டி எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் கொல்லையை நான்தான் பார்க்கிறேன். டிகிரி முடித்த கையோடு மரவள்ளி போட்டேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, பிடித்திருந்தது, இருந்துவிட்டேன். ஆம்பிளை ஊரில் தங்கினால் வேலை கிடைக்கவில்லை என்பார்கள். பெண் தங்கினால் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்பார்கள். அம்மாவும் அந்தக் கட்சிதான். நான் கல்யாணமாகிப் போனதும் கொல்லையை விற்றுவிட அண்ணன் ஆளே பார்த்து வைத்திருக்கிறான்.

போன வருஷம் அம்மா ஒரு வரனைப் பிடித்தாள். உளுந்தூர்பேட்டைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. "ஆபீசுக்கே போவத் தேவல, வூட்லருந்தே வேல" என்று அவள் சொன்ன தோரணையில் கலெக்டரே தோற்றார்.

பெண் பார்க்க வந்த அன்று எவ்வளவு தேய்த்தும் என் நகத்துச் செம்மண் போகவில்லை. "கைய முந்தானைக்குள்ள வச்சிக்கோடி" என்றாள் அம்மா. காபித் தட்டைப் பல்லிலா கடித்துக்கொண்டு போக முடியும்? நகத்தோடுதான் போனேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், கேலியாக இல்லை. மூன்றாவது போண்டாவைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கித் தின்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவருடைய அம்மாதான் பேச்சை எடுத்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் கொல்லிக்கெல்லாம் போவ வேணாம்மா. எங்க வூட்ல ஏசி போட்டுருக்கு. புள்ள ரூமுல வேல பாத்துக்கினு இருப்பான், நீ பாட்டுக்கு டிவி பாரு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"லேப்டாப்பு இருந்தா எந்த வூட்லருந்து வேணா வேல பாக்கலாம் இல்லீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"ஆமாங்க" என்றார் பெருமையாக.

"அப்ப இந்த வூட்லருந்து பாருங்களேன். உங்க வேலைய ஒரு பையில போட்டு எடுத்தாந்துடலாம். எங்க ரெண்டு ஏக்கர எதுல போட்டு எடுத்துக்கினு வரது?"

"இன்னாது, வூட்டோட மாப்ளயாவா?" என்று அவர் அம்மா முகத்தைச் சுளித்தார். என் அம்மா தரையில் ஏதாவது பள்ளம் இருக்கிறதா என்று தேடினாள். அவர் மட்டும் யோசித்தார். பிறகு கேட்டார்:

"இங்க டவர் கெடைக்குதா?"

அதைவிடக் காதலான ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"வூட்டுக்குள்ள கெடைக்காது. பின்னாடி கொல்லியில கெடைக்கும்."

எழுந்து போய்விட்டார். செல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மரவள்ளிக்கு நடுவே அங்கும் இங்கும் நடந்ததை இரண்டு அம்மாக்களும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். திரும்பி வந்து, "கெடைக்குது. ஆனா நின்னுக்கினேதான் வேல பாக்கணும்" என்றார். அவர் அம்மா உடனே கிளம்பிவிட்டார், அவரையும் கிளப்பிக்கொண்டு.

நாலாம் நாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"புள்ள உன்னத்தான் கட்டுவன்னு ஒத்தக் கால்ல நிக்கறான்மா. ஆனா அவன அங்க அனுப்ப எனக்கு மனசு வரல. நீ இங்க வந்துடறியா? சரின்னு சொல்லு, நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கும் சரி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

"இல்லீங்க அத்த, நான் வரல."



"வர மாட்டன்னு சொல்றவ, என்ன எதுக்கும்மா அத்தன்னு கூப்புடற?"

எனக்கு அழுகைதான் வந்தது. கரண்ட் போவதற்குள் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்ததால், அதையும் கொல்லைக்குப் போய்த்தான் அழுதேன்.