மாஸ்ஃபெட்டை எரித்தது யார்

சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்.

"சிகரெட்டா?"

"இல்ல, மாஸ்ஃபெட்."

"அது என்ன, புது பிராண்டா?"

தலை பாதி நரைத்த ஒருவன் சனிக்கிழமை சாயங்காலம் புகை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து, காலேஜுக்குப் போயிருந்தேன் என்று சொன்னால் எந்த மனைவியும் நம்ப மாட்டாள். ஐடி கார்டைக் காட்டினேன். அதிலிருந்த போட்டோவைப் பார்த்து இன்னும் சந்தேகப்பட்டாள். பாக்கெட்டை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த மாதங்களில் நானும் யாரையும் நம்பவில்லை.

மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மோட்டார் நின்றுபோனால் ஓடவைப்பது, ஓடவைக்க முடியாவிட்டால் யார்மேல் பழிபோடலாம் என்று யோசிப்பது, இரண்டும் என் வேலை. பெட்ரோல் வண்டிக்குப் பாகம் செய்துகொண்டிருந்தவர்கள் மின்சார வண்டிக்கு சார்ஜர் செய்யப்போவதாக ஒரு நாள் அறிவித்தார்கள். புதுப் பிரிவுக்குப் பவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் வேண்டுமாம். பழைய பிரிவு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே புரிந்துகொண்டு பகுதி நேர எம்.இ. சேர்ந்தேன். வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கல்லூரி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ, கொஞ்சம் நடை.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த மரியாதை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் நான் வைத்த அரியரைப் பார்த்தபின் கிடைக்கவும் நியாயமில்லை. அரியரை எழுதி எழுதியே காலம் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுக்கிற அவகாசம் எனக்கு அந்த செமஸ்டரோடு முடிகிறது. பிராஜெக்ட் வைவாவில் தேறினால் பட்டம். தேறாவிட்டால் பதிவே ரத்து, படித்தது மொத்தமும் போச்சு. இதை வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே சிகரெட் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

என் பிராஜெக்ட் ஒரு சின்ன சார்ஜர். சுவர் பிளக்கிலிருந்து வரும் கரண்டை வாங்கி, பேட்டரிக்கு ஏற்ற மாதிரி பக்குவப்படுத்திக் கொடுக்கும் சர்க்யூட். அதன் உயிர் மாஸ்ஃபெட். கட்டைவிரல் நகம் அளவே இருக்கும் கறுப்பு ஸ்விட்ச். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடியாக நின்று, கண் இமைப்பதைவிடப் பலமடங்கு வேகத்தில் மாறி மாறித் திறந்து மூடும். தப்பு நடந்தால் 'பட்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அழுவதற்குக்கூட நேரம் தராது.

ஒரு சனிக்கிழமை எல்லாம் சரியாக ஓடியது. பேட்டரிக்குப் பதிலாக மாட்டியிருந்த பல்பு ஜம்மென்று எரிந்தது. ஓடுகிறதைத் தொடக்கூடாது என்பது தொழிற்சாலையில் நான் கற்ற ஒரே தத்துவம் என்பதால், அப்படியே அணைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். அடுத்த சனிக்கிழமை வந்து ஆன் செய்தேன். பட்.

புது மாஸ்ஃபெட் வைத்து சாலிடர் செய்தேன். பல்பு எரிந்தது. போனேன். அடுத்த வாரம் வந்தேன். பட்.

மறு வாரமும் அதேதான். நான் போகும்போது உயிரோடு இருப்பது, நான் வரும்போது செத்துப்போகிறது. நடுவில் யாரோ வருகிறார்கள். மெயின்டனன்ஸ்காரன் மூளை வேறு எந்தப் பக்கம் ஓடும்?

முதலில் எலியைச் சந்தேகப்பட்டேன். அடுத்த சந்தேகம் பக்கத்துப் பெஞ்ச் பையன் மேல். பெரும்பாக்கத்திலிருந்து வருகிற முழு நேர மாணவன், கெட்டிக்காரன். வாரம் முழுக்க லேபில் இருப்பவன் அவன் ஒருவன்தான். அவன் சர்க்யூட்டும் கிட்டத்தட்ட என்னுடையது போலத்தான். ஆனால் அவனுடையது ஒரு நாளும் எரிந்ததில்லை. அதுவே பெரிய குற்றம். அதோடு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்று கேட்பான்:

"இன்னாண்ணா, இன்னிக்கும் பூட்ச்சா?"

இவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே? பிறகு உள்ளே வந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு, "நான் வேணா பாக்கவாண்ணா?" என்பான்.

"வேணாம் தம்பி, நானே பாத்துக்கறேன்" என்று போர்டை முழங்கையால் மறைத்துக்கொள்வேன், பரீட்சையில் பக்கத்துக்காரன் எட்டிப்பார்க்கிற மாதிரி. என் விடைத்தாளை எட்டிப்பார்த்து இதுவரை எவனும் தேறியதில்லை என்பது வேறு விஷயம்.

என் கைடு ஒரு மேடம். என்னைவிட ரொம்பச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். யார் யாருக்கு கைடு என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"மேடம், என் போர்டுல யாரோ கை வைக்கிறாங்க."

"போன வாரம் எலின்னீங்க, சார்."

"எலிய விசாரிச்சுட்டேன். அது இல்ல."

"எவிடென்ஸ் இருக்கா? ஒரு ஸ்டூடன்ட் மேல சும்மா சொல்ல முடியாது. அவன் பிளேஸ்மென்ட் போயிடும்."

எவிடென்ஸ் கேட்டார் அல்லவா? வீட்டில் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய செல்போனை எடுத்துவந்தேன். ஆள் நடமாடும்போது மட்டும் படம் பிடிக்கிற ஒரு ஆப் போட்டு, லேப் ஷெல்ஃபில் டப்பாக்களுக்கு நடுவில், சார்ஜரோடு செருகி வைத்துவிட்டுப் போனேன். போகும்போது பல்பு எரிந்ததா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை. பட்.

எனக்குள் சந்தோஷம் பொங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாட்டினான் என்று போனை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன். ஒரு டீயை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

திங்கள், பையன் வருகிறான். தன் வேலையைப் பார்க்கிறான். என் போர்டு பக்கம் திரும்பவில்லை. செவ்வாய், பெருக்குகிற அக்கா வருகிறார். பெஞ்சைத் தொடவில்லை, தரையையும் அவ்வளவாகத் தொடவில்லை. புதன், பையன் மறுபடி. நடுவில் நின்று என் போர்டைப் பார்க்கிறான். நான் டீயைக் கீழே வைத்தேன். அவன் ஒரு பழைய நியூஸ்பேப்பரை எடுத்து என் போர்டு மேல் தூசி படாமல் போர்த்திவிட்டுப் போகிறான். இவ்வளவு நல்லவனாக நடிக்க வேண்டிய அவசியம் என்ன என்று யோசித்தேன்.

வெள்ளி வரை எவனும் தொடவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு ஆள் உள்ளே வருகிறான். தொப்பை. பின்னந்தலையில் வழுக்கை, அது அவனுக்கே தெரியாது. இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். பேப்பரை இரண்டு விரலால் தூக்குகிறான். குனிந்து போர்டை மோந்துகூடப் பார்க்கிறான். அந்த வீடியோ முழுவதிலும் சந்தேகப்படும்படி நடந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான். ஆஸிலோஸ்கோப் ஒயரை இழுத்து, அதன் கிளிப்பை மேல் மாஸ்ஃபெட் காலில் மாட்டுகிறான். ஸ்விட்சைப் போடுகிறான். பட்.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கிளிப், ஸ்விட்ச், பட்.

ஆஸிலோஸ்கோப் என்பது சர்க்யூட்டுக்குள் ஓடும் அலையைத் திரையில் காட்டும் கருவி. போன வாரம் விட்டபடியே இருக்கிறதா, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் காரியமாக அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். எரிந்தபின் புதிதை வைத்துவிட்டுப் பல்பை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்தக் கிளிப் ஸ்கோப்பின் பிளக் வழியாக எர்த்தோடு சேர்ந்தது. அதை மேல் மாஸ்ஃபெட்டில் மாட்டினால் கரண்ட் நேரே பூமிக்கு ஓடும், நடுவில் நிற்கிற மாஸ்ஃபெட் கருகும். இது எங்கள் லேபில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எந்த பேட்ச் ஆரம்பித்து வைத்ததோ, ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுவது வழக்கம். அறுத்துவிட்டால் கிளிப்பை எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம். ஷாக் அடிக்கும், ஆனால் மாஸ்ஃபெட் சாகாது.

டீயைக் குடிக்காமல் லேபுக்கு ஓடினேன். ஸ்கோப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று புது பிளக். மூன்று பின்னும் பளபளவென்று இருந்தன.

"இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வந்தாங்கல்ல சார்? அதுக்கு முன்னால எல்லா பிளக்கையும் மாத்தினோம்" என்றார் மேடம். "எலெக்ட்ரிகல் டிபார்ட்மென்ட்லயே எர்த் பின் இல்லன்னா எப்படி?"

நியாயம்தான். எர்த் பின்னை அறுக்காதே என்று எங்கள் தொழிற்சாலையில் போர்டு எழுதி மாட்டியிருப்பதே நான்தான்.

"மறுபடி அறுத்துக்கலாமா மேடம், வைவா வரைக்கும்?"

"சார். உங்க வயசுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எர்த்தோடு சம்பந்தமில்லாமல் அளக்கிற விசேஷ ப்ரோப் ஒன்று கல்லூரியில் இருக்கிறது. கமிட்டிக்குக் காட்டுவதற்காக வாங்கியது. எச்.ஓ.டி. அறைக் கண்ணாடி பீரோவில், பெட்டி பிரிக்காமல், காட்சிக்கு இருக்கிறது. வேறு வழியில்லாமல் பையனிடம் போனேன். அவன் லேப்டாப்பில் செருகுகிற குட்டி ஸ்கோப் வைத்திருந்தான். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் அதற்கும் எர்த்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவனுடையது எரியாததன் ரகசியம் அவ்வளவுதான்.

"தம்பி, வைவாவுக்கு உன் லேப்டாப்..."

"எட்த்துக்கோண்ணா. அதுக்கின்னா."

உடனே கொடுத்துவிட்டான். இவ்வளவு சீக்கிரம் ஏன் கொடுக்கிறான்?

"ஆமா, நான் சொல்றதுக்கு முன்னாலயே எரிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு கீதுல்லண்ணா? காரிடார் பூரா உன் வாசனதான்."

வைவா அன்று எனக்கு அடுத்ததாக அவன் முறை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவைத்துக்கொண்டு என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். பல்பு எரிந்தது. லேப்டாப் திரையில் மேல் மாஸ்ஃபெட்டின் அலை, வரைந்து வைத்த மாதிரி அழகாக நின்றது. அழகுதான் வினையாகப் போயிற்று.

"இது லைவா, இல்ல ரெக்கார்ட் பண்ணதா?"

"லைவ்தான் சார்." குமிழைத் திருகிக் காட்டினேன். அலை அகன்றது, ஒடுங்கியது. அவர் மறுபடி திருகச் சொன்னார். மறுபடியும். அரை மணி நேரம் போல அந்தக் குமிழையே திருகிக்கொண்டிருந்தோம்.

"வேலைக்குப் போறீங்க. வாரத்துல ஒரு நாள்தான் லேபு. இவ்ளோ நீட்டா பண்ணிருக்கீங்க." கண்ணாடியை இன்னும் இறக்கினார். "எந்த பிராஜெக்ட் சென்டர்ல வாங்கினீங்க? உண்மைய சொல்லிடுங்க."

காசைக் கொடுத்தால் பிராஜெக்டைப் பெட்டியில் போட்டுத் தருகிற கடைகள் இந்த ஊரில் உண்டு. அவர் கேட்டதில் தப்பில்லை. வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொல்லப்போகிற திருடன் மாதிரி விழித்தேன். மேடம் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் காத்திருந்த பையன் முந்திக்கொண்டான்.

"சார், இந்த அண்ணன் வாரா வாரம் வந்து எரிச்சிக்கினே இருப்பாரு சார். கடைல வாங்கினவன் எவனாச்சும் இப்டி எரிப்பானா? எடுத்துனு போய் மாத்தினு வந்துருவான்ல?"

எக்ஸாமினர் என்னைப் பார்த்தார்.

"ஏன் எரிஞ்சுது?"

சொன்னேன். எர்த் பின், கமிட்டி, புது பிளக், எலி, கேமரா, வீடியோவில் வந்த தொப்பைக்காரன் வரை ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இத ரிப்போர்ட்ல எழுதலையே?"

"எழுதினா பாஸ் போட மாட்டீங்கன்னு..."

"போங்க சார். பாஸ்."

என் போர்டைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அதற்குள் பையன் தன் போர்டைக் கொண்டுவந்து வைத்து, குட்டி ஸ்கோப்பின் கிளிப்பை மாட்டி, ஸ்விட்சில் கைவைத்துவிட்டான். அப்போதுதான் லேப்டாப் திரையின் ஓரத்தில் சிவப்புப் பேட்டரியைக் கவனித்தேன். நான் அரை மணி நேரம் குமிழ் திருகியதில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. என்னைக் காப்பாற்றியவன், அவன் வைவா என்னால் நிற்கக்கூடாது. அவன் பையிலிருந்த சார்ஜரை எடுத்தேன். சுவரில் செருகினேன். ஒயரை லேப்டாப்பை நோக்கி நீட்டினேன்.

"அண்ணா! புட்ங்கு! புட்ங்குண்ணா!"

அவன் பாய்ந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மறு கையால் சார்ஜரைப் பிடுங்கிப் பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின். செருகியிருந்தால் லேப்டாப்பும் எர்த்தாகியிருக்கும், அவன் போர்டும் என் போர்டு போன வழியிலேயே போயிருக்கும்.

எக்ஸாமினர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பையன் என் கையை இன்னும் விடாமல் ஒரு பார்வை பார்த்தான். போன மாதம் முழுக்க நான் அவனைப் பார்த்த பார்வை.

"தெரியாம தம்பி... உதவிதான்..."

"கொஞ்சம் வெளிய நில்லுண்ணா. ப்ளீஸ்."

காரிடாரில் நின்றேன். எம்.இ. தேறியவன் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. வைத்துக்கொண்டுதான் நின்றேன். 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் உள்ளே எக்ஸாமினர் சிரிப்பது கேட்டது, கதவு திறந்தது.

"ஓகேவா தம்பி?"

"ஓகேண்ணா" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே லேப்டாப் பையை என் பக்கம் இருந்த தோளிலிருந்து கழற்றி, எனக்கு எட்டாத அந்தப் பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாண்ணா, டீ சாப்டலாம்" என்றான்.