வெண்ணெயின் மேல் போட்ட பழி

கரீம் பாய் காலமான செய்தி ஒரு தபால் கார்டில் வந்தது. வாணியம்பாடியிலிருந்து அவருடைய மகள் நூர்ஜஹான் எழுதியிருந்தாள். கார்டு கண்ணமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரை அடக்கம் செய்து ஆறு நாளாகியிருந்தது. "அத்தா கடைசி வரைக்கும் உங்களை சிஸ்டர் சிஸ்டர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்" என்று கடைசி வரியை நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்தேன். அழுகை வரவில்லை. அன்று பகல் முழுவதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜவ்வாது மலைமேல் இருந்த நம்முடைய இருபது கட்டில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சமையல்காரர் என்று சேர்ந்தவர். வேலூரிலிருந்து வரும் ரொட்டி மலையேறுவதற்குள் பூசணம் பூத்துவிடுகிறது என்று, செங்கல்லும் மண்ணும் குழைத்துத் தானே ஓர் அடுப்புக் கட்டினார். காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு அதில் சுட்ட ரொட்டியும் ஒரு கரண்டி வெண்ணெயும்தான் முதல் ஆகாரம். ஆனால் அவர் ஏன் நம்மை விட்டுப் போனார் என்பது உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது அஞ்சலி ஆகாது.

வெண்ணெய் மேல்கொல்லை என்ற மலைக்கிராமத்துப் பெண்களிடமிருந்து வந்தது. ஏழெட்டு வீடுகளில் கடைந்ததைச் சேர்த்து, முனியம்மாள் மந்தாரை இலையில் சுற்றி வாரம் இரண்டு நாள் எடுத்து வருவாள். பாய் அதை அப்படியே வாங்கி வைக்க மாட்டார். குளிர்ந்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, மரக்கரண்டியால் அழுத்தி, உள்ளே தங்கிய மோரையெல்லாம் வெளியேற்றுவார். "மோரு நின்னா புளிச்சிடும் சிஸ்டர். புளிச்சா வெண்ணெயத்தான் குத்தம் சொல்வாங்க. நம்ம கைய யாரும் சொல்ல மாட்டாங்க" என்பார். அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

சேர் எடை போய் கிலோ வந்த புதிது. ஒரு மழைக்காலத்தில் வார்டில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்று நாள் நானும் ஆயாவும் உட்காரவே இல்லை. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. பெரிய டாக்டர் அறிக்கை எழுதினார். சுத்தமற்ற மலைவெண்ணெயே காரணம் என்று சந்தேகப்படுவதாகவும், இனி வெளியிலிருந்து வெண்ணெய் வாங்குவதில்லை என்றும் அதில் இருந்தது. உணவுப் பட்டியல் என் பொறுப்பில் இருந்ததால் என் கையெழுத்தும் வேண்டும் என்றார். போட்டேன்.

சாயங்காலம் பாய் என் மேஜைக்கு வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"சிஸ்டர், அந்தப் பதினோரு பேர்ல நாலு பேரு வெறும் கஞ்சிதானே குடிச்சிக்கினு இருந்தாங்க? நான்தானே ஊத்திக் குடுத்தேன். அவங்களுக்கு எப்டி வந்திச்சி?"

பட்டியல் என் மேஜைமேலேயே இருந்தது. அவர் சொன்னது சரி. தண்ணீர்த் தொட்டியின் மூடி விரிசல் விட்டு, மழைத் தண்ணீர் மாட்டுச் சாணத்தோடு உள்ளே இறங்கியதைப் பாயைப் போலவே நானும் பார்த்திருந்தேன். தொட்டி டாக்டர் முன்னின்று கட்டியது. மூடியைப் பற்றி இரண்டு முறை சொல்லியும் அவர் பழுது பார்க்கவில்லை.

"டாக்டருக்குத் தெரியாததா பாய்?" என்றேன்.

அவர் கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஜீப்பில் மார்ஜரின் டப்பாக்கள் வந்து இறங்கின. வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெயை உறையவைத்துச் செய்வது. நல்ல மஞ்சள் நிறம், கட்டியாக, லேசாக உப்பு. நான் நினைத்தேன், பாய் கோபத்தில் அதைத் தொடவே மாட்டார் என்று. அவரோ மிச்சமிருந்த கடைசி வெண்ணெயில் ஒரு தட்டு, மார்ஜரினில் ஒரு தட்டு என்று பிஸ்கட் சுட்டு, ஆயாவையும் என்னையும் வாட்ச்மேனையும் கண்ணை மூடிக்கொண்டு தின்னச் சொன்னார். வெண்ணெய் பிஸ்கட் கொஞ்சம் அகலமாகப் பரவி, ஓரம் சிவந்து, வாயில் போட்டதும் மணம் மூக்குக்கு ஏறியது. மார்ஜரின் பிஸ்கட் வார்த்த வடிவம் மாறாமல் நின்றது. மணம் குறைவுதான், ஆனால் நல்ல மொறுமொறுப்பு. இஞ்சி சேர்த்துச் சுட்டதில் எது எதென்று எங்கள் மூவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு சூடான ரொட்டியில் இரண்டையும் தடவித் தந்தார். அங்கே யாருமே ஏமாறவில்லை. வெண்ணெய் உருகி ரொட்டிக்குள் இறங்கியது. மற்றது நாக்கிலும் மேலண்ணத்திலும் மெழுகுபோல ஒட்டிக்கொண்டது.

"நல்ல சரக்குதான் சிஸ்டர், குத்தம் சொல்லக் கூடாது" என்றார் பாய். "அடுப்புக்குள்ள போற வேலைக்கு இது போதும். வெயில்ல உருகாது, சீக்கிரம் கெடாது. ஆனா சோறு எறங்காம கெடக்கிறவனுக்கு ரொட்டி மேல தடவிக் குடுக்கிறதுக்கு வெண்ணெதான். வாசனை புடிச்சித்தான் அவன் வாயத் தொறப்பான்."

இதையே டாக்டரிடமும் போய்ச் சொன்னார். மாவில் பிசைய டப்பா, மேலே தடவ வெண்ணெய் என்று பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். சமையல்காரன் மருத்துவம் பேச வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் நோயாளிகள் ரொட்டியைப் பாதி கடித்து வைத்துவிடுவதும், ஆயா அதைப் பொறுக்கிக் காக்கைக்குப் போடுவதும் தினசரி வழக்கமாயிற்று.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட முனியம்மாள் ஒருநாள் பின்பக்கமாகச் சமையலறைக்கே வந்துவிட்டாள். நான் அப்போது பால் வாங்க நின்றிருந்தேன்.

"இன்னா பாயி, எங்க வெண்ணெயத் துன்னா பேதி புடுங்குதாமே? ஊரெல்லாம் பேச்சா கீது. எங்க புள்ளைங்களுக்கு அதத்தானே ஊட்டறோம்?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் வர்றேம்மா. உங்க ஊருக்கே வந்து சொல்றேன், நீ போ" என்றார்.

அதற்குள் சேதம் நடந்துவிட்டது. வெண்ணெயோடு ஆட்களும் நின்றுபோனார்கள். எங்களை அழுக்கு என்று சொன்ன இடத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று மேல்கொல்லையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேசிக்கொண்டார்கள். கட்டில்கள் காலியாயின. மலையில் காய்ச்சல் இல்லாமல் போய்விட்டது என்பதல்ல. அவரவர் வீட்டில் படுத்துக் கிடந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் தனியாக மலைப்பாதையில் மேல்கொல்லைக்கு நடந்தார். அங்கே நடந்ததைப் பின்னால் முனியம்மாள் சொல்லித்தான் தெரியும். ஊர் நடுவில் உட்கார்ந்து, ஏழு வீட்டு வெண்ணெயையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் எடுத்து எல்லோர் முன்னாலும் தின்றாராம். "உங்க மேல தப்பு இல்ல. தப்பு ஆஸ்பத்திரித் தண்ணித் தொட்டில. வெண்ணெ வாங்காட்டி போவட்டும், புள்ளைங்கள வூட்ல போட்டு வெக்காதீங்க" என்றாராம். பிறகு முனியம்மாள் எழுந்து போய், நான்கு நாளாகக் காய்ச்சலில் கிடந்த தன் மகளைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாளாம்.

இருட்டுவதற்கு முன் பாய் ஆஸ்பத்திரிப் படியேறியதை நான் பார்த்தேன். மூன்று வயதுக் குழந்தை அவர் தோளில் துவண்டு கிடந்தது. பின்னால் முனியம்மாள். பாய் மூச்சு வாங்க, "நிமோனியா மாதிரி கீது சிஸ்டர், பாருங்க" என்றார். நான் குழந்தையின் அக்குளில் தர்மாமீட்டரை வைத்தேன். டாக்டரும் வந்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஊசி எழுதினார். அதில் அவர் குறை வைக்கவில்லை. முனியம்மாள் கைகூப்பியபடி, "தொட்டித் தண்ணி மட்டும் குடுக்காதீங்க சாமி" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "தொட்டியைப் பற்றி இவர்களிடம் யார் சொன்னது?"

"நான்தான் சார்" என்றார் பாய்.

"உனக்கு யார் சொன்னது?"

நான் அங்கேதான் நின்றிருந்தேன். நாலு பேர் கஞ்சி மட்டும் குடித்தார்கள் என்ற பட்டியல் பத்தடி தூரத்தில் என் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. பாய் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை பேசியிருப்பேன். அவர் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல சார். நானே பாத்தேன்."

நான் தர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் படித்தேன்.

மறுநாள் காலை அவரை வேலையிலிருந்து நீக்கி, ஜீப்பில் மலையடிவாரத்து ஒடுகத்தூரில் இறக்கிவிட்டார்கள். குழந்தை பதினைந்து நாளில் எழுந்து நடந்தது. ஒரு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் தொட்டியைக் கழுவிப் புது மூடி போட்டார்கள். அந்த டாக்டர் மாற்றலாகிப் போனதும் அடுத்து வந்தவர் மறுபடி மேல்கொல்லை வெண்ணெய் வாங்கச் சொன்னார். அடுப்பு இருந்தது, வெண்ணெய் இருந்தது. புதுச் சமையல்காரர் சுட்ட ரொட்டி ஏனோ நடுவில் வேகாமலே இருந்தது. நானும் அங்கே மேலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

போன வருஷம்தான் துணிந்து வாணியம்பாடி போனேன். தோல் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பிஸ்கட் கடை அடுப்பில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். ஒரு பெண்மணி வந்து, "வெண்ணெ பிஸ்கட்டா பாய்?" என்று கேட்டாள். முதலாளி வாயெடுப்பதற்குள், "இல்லம்மா, மார்ஜரின். நல்லாத்தான் இருக்கும், தின்னு பாத்துட்டு வாங்குங்க" என்றார். அவள் தின்று பார்த்து வாங்கிக்கொண்டுதான் போனாள்.

டீ வரவழைத்தார். குடித்து முடித்தபின் நான் கையெழுத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பல வருஷமாக மனசுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"வுடுங்க சிஸ்டர். அன்னிக்கு நீங்களும் வாயத் தொறந்திருந்தா உங்களையும் சேத்து எறக்கி வுட்டிருப்பாங்க. அப்பறம் அந்தப் புள்ளைக்கு ராவும் பகலும் ஊசி யாரு போட்டிருப்பா? அதுக்காகத்தானே நீங்க கம்முனு இருந்தீங்க. எனக்குத் தெரியாதா?"

நான் தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்தத் தலையாட்டல் இரண்டாவது கையெழுத்து என்று உறைத்தது. குழந்தையை நினைத்து நான் சும்மா இருக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து சும்மா இருந்தேன். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவருடைய ரொட்டியையோ சிரிப்பையோ நினைத்துக்கொள்வீர்கள். என்னிடம் இருப்பது வேறு. எனக்குத் தெரிந்து கரீம் பாய் சொன்ன ஒரே பொய், அன்று வாணியம்பாடியில் சொன்ன அந்தக் காரணம்தான். எனக்காகச் சொன்னது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.