அதே மாதிரி இன்னொன்று கேட்காதீர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. வார இதழ்களில் எப்போதாவது என் நகைச்சுவைக் கட்டுரைகள் வரும். அவற்றைப் படித்து யாரும் சிரித்ததாக இதுவரை தகவல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அக்காவின் கணவர், எங்கள் மாமா, இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார் என்று நினைக்கிறேன். "ஏனுங் மாப்ள, அழுவ வெக்கற மாதிரியெல்லாம் எழுத வேண்டாமுங்க. அவ இருந்த மாதிரி எழுதுனாப் போதுமுங்க" என்றார். அழ வைப்பதாவது சுலபம். அக்கா இருந்த மாதிரி எழுதுவதுதான் சிரமம். அவர் ஒரே சமயத்தில் மூன்று மாதிரி இருந்தவர்.

அக்கா வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில், கிணறும் நாலு எருமையும் இருந்த தோட்டத்து வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். எட்டு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அத்தனை ஆண்டும் எங்கள் பெற்றோர் அக்காவிலேயே நிறைவடைந்திருந்தார்கள் என்பதை, நான் வளர வளர அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துகொண்டேன். பள்ளியில் அக்காவின் அறிவியல் நோட்டு படங்களுக்காகவே வகுப்பு வகுப்பாகச் சுற்றும். தவளையின் உணவு மண்டலத்தை அவர் வரைந்தால் தவளைக்கே பசி எடுக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா ஓவியக் கல்லூரி விண்ணப்பம் கேட்டார். அப்பா மாப்பிள்ளை ஜாதகம் கொண்டுவந்தார். அக்கா திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீர்ப் பாத்திர அண்டாவுக்குள் ஒரு பெயின்ட் பெட்டியையும் வைத்துக் கொண்டுவந்தார்.

மாமா அருள்புரத்தில் சிறிய பனியன் கம்பெனி தொடங்கிய புதிது. ஆள் வராத நாட்களில் அக்காவே ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்வார். இரண்டு பிள்ளைகளை வளர்த்ததும் அந்த மிஷின் சத்தத்தில்தான். ஒரு வருடம் வெட்டி முடித்த துணியோடு ஆர்டர் ரத்தாகிவிட்டது. மூட்டை மூட்டையாகத் துண்டுத் துணி வீட்டுக்குள் வந்து இறங்கியது. மாமாவுக்கு அது நஷ்டம். அக்கா தரையில் உட்கார்ந்து நிறம் பிரிக்கத் தொடங்கினார். அப்படித்தான் ஒட்டுப்போர்வை பிறந்தது. பேரப்பிள்ளைகள் 'குயில்ட்' என்பார்கள். அக்காவுக்குக் கடைசிவரை அது ஒட்டுப்போர்வைதான்.

பனியன் துணியில் ஒட்டுப்போர்வை தைப்பதைப் போல வம்பு வேறில்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். நாலு நிறத்தைச் சேர்த்தால் நாலும் நாலு பக்கம் முறுக்கிக்கொள்ளும், எங்கள் பங்காளிகளைப் போல. அடியில் நீளாத துணியொன்றைக் கொடுத்துத் தைத்தால் அடங்கும் என்று அக்கா கண்டுபிடித்தார். வீட்டில் நீளாத துணி மாமாவின் வேட்டிதான். "மாப்ள, உங்கக்கா என்னைய மானமா வெளிய போக உட மாட்டேங்கறா" என்று மாமா போனில் முறையிட்டிருக்கிறார்.

வரைவது, வண்ணம் தீட்டுவது, ஒட்டுப்போர்வை தைப்பது என மூன்றையும் அக்கா எப்படிச் சமாளித்தார் என்று பலரும் கேட்டதுண்டு. அதற்கு அவர் கால அட்டவணை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் இருந்தால் தையல். போய்விட்டால் ஜன்னலோரம் பென்சில். வெயில் நன்றாக அடித்தால் வண்ணம். அது காய்கிற நேரத்தில் மறுபடி தையல். சமையல், கம்பெனி, விருந்தாளி எல்லாம் இதற்கிடையில் நடந்தன. "ஒண்ணு செய்யறப்ப மத்த ரெண்டும் எனக்கு லீவு" என்பார்.

நான் நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? கலைஞன் என்பவன் ஒன்றையே ஆழமாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினேன்.

"ஏந்தம்பி, கொழம்பு ஊத்துனேன், ரசம் ஊத்துனேன், இப்ப மோருக்குக் கைய நீட்டற. நீ ஒண்ணையே புடிச்சிருக்கலாமல்லோ?" என்றார்.

மோர் கிடைத்தது. விளக்கம் அத்தோடு நின்றது. இன்னொரு முறை, என்னை வரையும்படி கேட்டபோது, "உன்ற தலைக்குப் பென்சில் வேண்டாங் கண்ணு, ரப்பரே போதும்" என்றார். அப்படியும் வரைந்து தந்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அச்சு அசலாக இருக்கிறது.

அக்காவின் மூன்றுக்கும் ஒரே ஒருமுறை ஆபத்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாமாவிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சோபாவில் கிடந்த போர்வையைப் பார்த்தவர் சாப்பாட்டை விட்டுவிட்டு அதையே தடவிக்கொண்டிருந்தார். அழகான பொருளைக் கண்டால் மற்ற ஊர்க்காரர்கள் 'அடடா' என்பார்கள். திருப்பூர்க்காரர்கள் 'எத்தனை பீஸ் வேணும்?' என்போம். மாமாவும் அதையே கேட்டார். கம்பெனியில் வேலை வறண்டிருந்த சமயம் அது. பாதிப் பேரை நிறுத்த வேண்டி வருமோ என்று மாமா தூக்கமில்லாமல் இருந்தார். அதே மாதிரி இன்னொன்று செய்து அனுப்புங்கள், சரியாக வந்தால் ஆர்டர் என்று சொல்லிவிட்டு பையர் விமானம் ஏறினார்.

அக்கா ஒப்புக்கொண்டார். கம்பெனியிலிருந்து ஒரு பெண் டேப்போடு வந்து ஒவ்வொரு துண்டையும் அளந்து எண் ஒட்டிவிட்டுப் போனாள். அந்த நாட்களில் மின்சாரம் போனபோதும் அக்கா பென்சிலைத் தொடவில்லை. வெயில் வீணாக அடித்தது. நான் போயிருந்த அன்று சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. மாமாவும் நானும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். துணி வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, எனக்கு முடியாதுங்க."

"ஏனம்மிணி, பாதிக்கு மேல வந்துருச்சல்லோ? கை வலிக்குதா?" என்றார் மாமா.

"கை வலிக்கலீங்க. இந்த மஞ்சளுக்குப் பக்கத்துல நீலந்தான் வரும்னு மொதல்லயே தெரிஞ்சுபோச்சு. அப்பறம் எதுக்குங்க தைக்கறது?"

"மாப்ள, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. ஆளுகளுக்கு வேலை வேணுமல்லோ."

நான் மிகுந்த கவனத்தோடு மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆளுகளுக்கு வேலை குடுங்க. டிசைன எடுத்துக்குங்க. துணி இழுக்காம எப்படித் தைக்கறதுன்னு நானே வந்து சொல்லித் தாரேன். ஆனா என்ற மூணும் என்ற ஊட்லயே இருக்கட்டுங்க. எனக்கு மட்டும் அதே மாதிரி இன்னொண்ணு வேண்டாமுங்க."

மாமா அந்தப் பாதிப் போர்வையை மடித்துக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். அக்காவும் சொன்னபடி போய் டெய்லர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆர்டர் போனது, யாரையும் நிறுத்த வேண்டி வரவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண்கள் அக்காவைத் தங்கள் பேச்சில் 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். அந்தப் பீஸ்களில் ஒன்றைக்கூட அக்கா வீட்டுக்குள் விடவில்லை. மறுபடி அதே ஆர்டர் வந்தபோது, "எல்லாம் ஒண்ணாட்டவே இருக்குது, பாவம்" என்று மட்டும் சொன்னார்.

கடைசி ஈராண்டு சிறுநீரகம் அவரைப் படுத்தியது. வாரந்தோறும் டயாலிசிஸ். இனிமேல் ஒன்று போதும், எது வேண்டுமென்று சொல் என்று மாமா கெஞ்சினார். "மூணையும் சின்னதாக்கிட்டனுங்க" என்றார் அக்கா. உள்ளங்கை அளவில் படம், உள்ளங்கை அளவில் வண்ணம், உள்ளங்கை அளவில் ஒட்டுத்துணி. ஆஸ்பத்திரியில் படுத்த நிலையில் எதிர்க்கட்டில்களில் கால்கள்தான் தெரியும். எனவே கால்களை வரைந்தார். மருதாணிக் கால், வீங்கிய கால், ஒரு விரல் மட்டும் சண்டைக்கு நிற்கும் கால். நர்சுகள் தங்கள் செருப்பைப் படத்தில் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். இம்மலரின் அட்டையில் இருப்பவை அந்தக் கால்கள்தான். உள்ளங்கை அளவு ஒட்டுத்துணிகளை அவர் என்ன செய்தார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

அக்கா ஒரு காலையில், வண்ணம் காயும் முன்பே போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். கோடி என்போம். நான் அரக்குச் சேலையோடு போனேன். அக்காவின் மகள் ஓர் ஒட்டுப்போர்வையை மார்போடு அணைத்தபடி நின்றாள். "அம்மா கடைசியாத் தைச்சதுங்கப்பா. இதையே போத்தலாமுங்க."

"வெட்டி ஒட்டுன துணியக் கோடியாப் போடக் கூடாது கண்ணு. கோடின்னா முழுசா இருக்கோணும்" என்றார் எங்கள் பெரியப்பா.

"அதப்போயி எரிக்கறதா? ஊட்ல இருக்கட்டும்" என்றான் அக்காவின் மகன்.

குரல்கள் உயர்ந்தன. மாமா எழுந்து உள்ளே போய், மடித்த போர்வை ஒன்றோடு வந்தார்.

"சண்ட வேண்டாமுங்க. நீங்க அடிச்சுக்குவீங்கன்னு அவளுக்குத் தெரியும். என்ற மேல போத்த ஒண்ணு, ஊட்டுக்கொண்ணுன்னு அதே மாதிரி ரெண்டு தைச்சு பீரோல வெச்சிருக்கறேன்னு போன வாரந்தான் சொன்னா."

அக்காவா, அதே மாதிரியா? யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மாமா இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். இரண்டுமே அந்த உள்ளங்கை அளவு ஒட்டுத்துணிகளால் ஆனவை. ஆயுள் முழுக்கத் துணியில் குறை தேடிச் செக்கிங் மேஜையில் நின்ற கை, தையல் தையலாகத் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையில் நின்றது. ஒரு போர்வையில் மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம். மற்றதில் பச்சை.

"மூலைல மாத்தீட்டா பாருங்க மாப்ள. ரிஜெக்ட்டுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுவரை அழாமல் இருந்தவர் அதற்குப் பின்தான் அழுதார்.

போர்வை அடியிலும் கோடி மேலேயும் இருக்கட்டும் என்று பெரியப்பாவே சொன்னார். பச்சை மூலை அக்காவோடு போயிற்று. நீல மூலையை மாமா போர்த்திக்கொள்கிறார். அடியில் இருப்பது தன் வேட்டி என்பதால் உரிமையும் தனக்கே என்கிறார்.

அக்காவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த நர்சுகளுக்கும் மருத்துவர்களுக்கும், எந்நேரம் அழைத்தாலும் வண்டியோடு வந்த பக்கத்து வீட்டாருக்கும், கம்பெனி வேலையை நிறுத்திவிட்டு வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்ட 'தீதி' என்று கூப்பிட்ட ஒடிசாப் பெண்களுக்கும், துக்கத்தில் பங்கேற்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது.

மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு துணித்துண்டு ஒட்டியிருக்கும். அக்கா வெட்டி வைத்துவிட்டுப் போன மூட்டையிலிருந்து எடுத்தது அது. உங்கள் பிரதியில் உள்ள நிறம் பக்கத்தில் இருப்பவர் பிரதியில் இருக்காது. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று மட்டும் யாரும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.